குக்கர் அங்கிளின் துவக்குக்குக் கால் வாங்கிய கதை

மெல்போர்னில் உள்ள தமிழர் எல்லாருடைய கோபத்தையும் ஒரு கிடாரத்தில் ஊற்றிக் காய்ச்சினாலும், குக்கர் அங்கிளின் ஒரு சனிக்கிழமைக் காலைக்கு அது காணாது.

கோபம் வருவதற்கு முன் அவருடைய மூக்கில் ஒரு விசில் அடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர். முதல் விசிலில் கதிரையை விட்டு எழும்பிவிட வேண்டும். இரண்டாவதில் குசினிப் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். மூன்றாவது விசிலுக்கும் நின்ற ஒருவன்கூட மானத்தோடு திரும்பியதில்லை. நான் மூன்றாவதுக்கும் நிற்பேன். பக்கத்தில் நின்று நாலாவது வருமா என்றும் கேட்பேன். எனக்கு வாயில் ஒரு வியாதி.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கும் கோபம்தான் வருகிறது. என்னுடைய வாழ்க்கையில் இரண்டு மாதத்தை அந்த மனிதர் ஒரு துவக்குக் காலுக்காகத் தின்றார். கூடவே என்னுடைய மெத்தையையும் தின்றார். மெத்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மெல்போர்ன் ஓரம், வெரிபீயில் புதுக் குடியிருப்பில் ஒரு வீடு. அதில் கப்பலில் அகதியாக வந்த நாங்கள் நாலு பேர். எங்கள் விசாவைப் பார்த்து ஒருவனும் வாடகைக்கு வீடு தரவில்லை. குக்கர் அங்கிள் இருபத்தைந்து வருடத்துக்கு முன் வந்த சிட்டிசன், விபத்தில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. அவர்தான் தன் பெயரில் வீட்டை எடுத்து, "உள்ள வந்து தொலையுங்கோடா" என்று எங்களை அழைத்தார். அதுதான் அவருடைய வரவேற்புரை.

எனக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை. ஏச்சு வாங்க மட்டும் அனுமதி இருந்தது. இமிகிரேஷனில் இருந்து எனக்குக் கடிதம் வந்தால் அவர்தான் உறையைக் கிழிப்பார். நின்றபடி உரத்து வாசிப்பார். ஒவ்வொரு பந்தி முடிவிலும் கடிதத்தைப் பார்த்தே ஏசுவார்.

"இவன் தாமதத்துக்கு வருந்துறானாம்! எங்கயடா வருந்தினவன்? வருந்தினவன் இப்பிடியே கையெழுத்து வைப்பான், வளைச்சு வளைச்சு?"

கடிதம் பதில் சொல்லாது. எனக்குப் பாதிப் பயம் போய்விடும்.

அங்கிளுக்கு இந்த உலகத்தில் ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. வெரிபீக்கு வெளியே ஒரு இத்தாலிக் கிழவரின் தோட்டத்தில், மூலையில் ஒரு துண்டு நிலம் எடுத்து மிளகாய் போட்டிருந்தார். கிழவரை நாங்கள் பாஸ் என்போம். அந்த மிளகாய்க் கன்றுகளை இரண்டு தரம் முயல் தின்றுவிட்டது. தின்றது என்றால், மேய்ந்தது அல்ல, மொட்டையடித்தது. பாஸ் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: மூன்றாம் தரம் நடு. கிறிஸ்துமஸுக்கு முன் வந்து பார்ப்பேன். கன்று நின்றால் நிலம் உனக்கு. நிற்காவிட்டால் டிராக்டரை விட்டு பிரக்கோலி போடுவேன்.

மூன்றாம் தரத்துக்கான விதைதான் கடைசி விதை. தயிர் டப்பாக்களில் முளைத்து, எங்கள் ஜன்னல் ஓரமெல்லாம் நின்றது.

அங்கிளிடம் லைசென்ஸோடு ஒரு பழைய முயல் துவக்கு இருந்தது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். அப்படியென்றால் சுட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அவருக்குக் கை நடுக்கம். தேநீர்க் கோப்பையைப் பீரிசுத் தட்டோடு தூக்கினால் அது தந்தி அடிக்கும். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லக்கூடாது. நான் ஒருநாள் சொன்னேன்.

"அங்கிள், உங்களுக்குச் சீனி கலக்கக் கரண்டி தேவையில்லை என்ன?"

மூன்று விசிலும் ஒரே மூச்சில் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை. ராத்திரி அவரே முட்டை பொரித்துக் கொண்டுவந்து என் மெத்தைப் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டு, அதற்கும் ஏசிவிட்டுப் போனார்.

அவருடைய விளக்கம் வேறு. "கையில ஒண்டும் இல்லை. துவக்குத்தான் நடுங்குது. பழசு. முன்பக்கம் பாரம். அதுக்கு ரெண்டு கால் பூட்டினால் சரி."

பைபொட் என்று ஒரு சாமான் இருக்கிறது. துவக்கின் குழலுக்குக் கீழே பூட்டுகிற இரண்டு கால். நிலத்தில் ஊன்றிவிட்டால் ஆள் நடுங்கினாலும் குழல் நடுங்காது. அதை மலிவாக வாங்க வேண்டும். இந்த ஒரு வரிக்குத்தான் இரண்டு மாதம்.

முதலில் துவக்குக் கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டியில் ஒன்று இருந்தது. கறுப்பு, பளபளப்பு, ஸ்பிரிங் வைத்த கால், சரிவுக்குத் தக்கபடி சாய்கிற தலை. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கிள் துவக்கு வாங்கின விலையைவிட இந்தக் காலின் விலை கூட.

கடைக்காரன் மரியாதையாகத்தான் கேட்டான், படுத்துச் சுடுவீர்களா, இருந்து சுடுவீர்களா என்று. அங்கிள் என் பக்கம் திரும்பினார். முதல் விசில்.

"நான் படுத்தால் இவனுக்கென்ன, இருந்தால் இவனுக்கென்ன? பொம்பிளை பாக்க வந்தவன் மாதிரிக் கேள்வி கேக்கிறான்!"

"கால் நீளம் சொல்லத்தான் கேக்கிறான் அங்கிள்."

"என்ர கால் நீளம் என்னத்துக்கு?"

"உங்கட இல்லை, துவக்கின்ர."

"நீ வாயைப் பொத்து. கிழட்டுத் துவக்குக்கு இவ்வளவு விலையில கால் பூட்டினால், அது அடுத்த நாள் தானே எழும்பி நடந்துபோடும்."

வெளியே வந்து அவருடைய வான் வண்டியில் ஏறியதும் சொன்னேன். "அங்கிள், ரெண்டு கைத்தடியை அரிஞ்சு கட்டுவமோ?"

"உன்ர ரெண்டு காலையும் அரிஞ்சு கட்டுவன்!"

அடுத்த தெருவில் பிரபு என்று கோயம்புத்தூர்ப் பொடியன் ஒருவன், கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனம். நல்ல மனம் உள்ளவர்கள்தான் அங்கிளிடம் அதிகம் வாங்கிக் கட்டுவார்கள். அவன் லாப்டாப்போடு வந்து உட்கார்ந்தான்.

"அங்கிள், நெட்ல பதினேழு மாடல் பாத்து ஒரு டேபிள் போட்டுட்டேன். எடை, உயரம், எப்படி மாட்டறது, எல்லாம் இருக்கு. இது ரொம்ப மலிவு, சைனாலருந்து வரும். ஆனா மூணு ஸ்டார்தான். இது நாலரை ஸ்டார்."

"நட்சத்திரம் பாத்துச் செய்ய இது கலியாணமே? மலிவானதைப் போடு!"

"மலிவுலயே மூணு சைஸ் இருக்கு அங்கிள். ஆறுலருந்து ஒம்போது இன்ச். ஒம்போதுலருந்து பதிமூணு. பதிமூணுலருந்து இருபத்தேழு. நீங்க அளந்து சொன்னீங்கன்னா இப்பவே ஆர்டர் போட்டுடுவேன்."

அளப்பதென்றால் எங்கே அளப்பது? ஹாலில்தான். எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது. ஐந்து பேரும் மெத்தையைத் தரையில் போட்டுப் படுக்கிறவர்கள். ஹாலில் கிடந்தது என்னுடைய மெத்தை. தெருவில் யாரோ எறிந்த, ஸ்பிரிங் வைத்த, நீலப் பூப் போட்ட தடித்த மெத்தை. நானும் பிரபுவும் தூக்கிக்கொண்டு வந்தது. அங்கிள் அதில் குப்புறப் படுத்தார். வீடு கூட்டுகிற தும்புத்தடியைத் துவக்காகத் தோளில் வைத்தார். முன்னால் தரையில் டின்பால் டின்களை அடுக்கச் சொன்னார். ஒரு டின் காணாது. இரண்டு, மூன்று. ஐந்தாவது டின்னில்தான் தும்புத்தடி மட்டமாக நின்றது. கை நடுங்கியதில் கோபுரம் இரண்டு தரம் சரிந்து ஒரு டின் பிரபுவின் கால்விரலில் விழுந்தது. அதற்கும் பிரபுதான் ஏச்சு வாங்கினான்.

"பதினாறு இஞ்ச்!" என்று மெத்தையில் இருந்தே அறிவித்தார். "பெரிய கால். போடு ஓர்டர்."

பிரபு போட்டான். கவனியுங்கள், நாங்கள் அத்தனை பேர் சுற்றி நின்றோம். ஒருவன் கம்ப்யூட்டர் எஞ்சினியர். மெத்தைக்கும் ஒரு உயரம் உண்டு என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் எங்களுக்குத் தரை என்றாலே மெத்தைதான்.

ஐந்து கிழமை தபாலுக்குக் காத்திருந்தோம். கால் வராமல் கன்று நடமாட்டேன் என்று அவர் பிடிவாதம். தயிர் டப்பாவில் நின்ற கன்றுகள் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக நீண்டு ஜன்னலை எட்டிப் பார்த்தன. தபால்காரனுக்குத் தினமும் முதல் விசில்.

கடைசியில் வந்தது. வந்த சனிக்கிழமையே த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கு ஓடினோம். நகரத்தின் அந்தக் கரைக்கு, ஒன்றரை மணித்தியாலம். புதுச் சாமான் வாங்கினால் பூசை செய்யாமல் தொடமாட்டார். துவக்கைக் கொண்டுபோக ஏலாது, பொலிஸ் பிடிக்கும். காலை மட்டும் ஒரு தாம்பாளத்தில் பட்டுத் துணி விரித்து வைத்திருந்தார்.

வழியில் எனக்கு ஒரு சந்தேகம். "அங்கிள், எலியில போறவரிட்ட முயலைச் சுட உதவி கேக்கலாமோ? ரெண்டுக்கும் ஒரே பல்லு. சொந்தக்காரராய் இருந்தால்?"

"இறக்கி விட்டிடுவன், நடந்து வா!"

கோயில் வாசலில் புதுக் கார் ஒன்று பூசைக்கு நின்றது. அதற்குப் பின்னால் நாங்கள், தாம்பாளத்தோடு. ஐயர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

"ஸ்ராண்ட் ஐயா. தோட்டத்துக்கு."

அது பொய்யுமில்லை. ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டார். அன்றைக்குத்தான் அங்கிளின் சொந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டேன். இங்கே எழுதமாட்டேன், அதற்கும் ஏசுவார். காருக்குச் சில்லுக்குக் கீழே வைப்பதுபோல இரண்டு காலுக்குக் கீழேயும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார் ஐயர். கார் என்றால் ஏறி நசுக்கும். இது நசுக்கவில்லை. அங்கிள் தன் கையால் அழுத்தினார். மூன்று ஸ்டார் ஸ்பிரிங், டடக்கென்று கால் மடங்கியது. தேசிக்காய் ஒன்று பறந்துபோய் முன்னால் நின்ற புதுக் காரின் கண்ணாடியில் விழுந்து உருண்டது. கார்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது கூடுதல் ஆசீர்வாதம்.

மறுநாள் கன்றுகளை நட்டோம். சாயங்காலம், முயல் வருகிற நேரம், அங்கிள் துவக்கில் காலைப் பூட்டி, நிலத்தில் குப்புறப் படுத்தார். அப்போதுதான் கடவுள் எங்களுக்கு மெத்தையின் உயரத்தைக் காட்டினார். கால் பதினாறு அங்குலம். ஆள் வெறும் நிலத்தில். ஆகக் குறைத்த பதின்மூன்றுக்கும் குழல் முயலைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்தது.

"அங்கிள், மேலே ஏதும் முயல் தெரியுதோ?"

விசிலே இல்லாமல் வெடித்தது. சைனாவை ஏசினார், பிரபுவை ஏசினார், டின்பால் கம்பெனியை ஏசினார். "இருந்து சுடுங்கோ" என்றேன். முழங்கால் மடங்காதாம். அதற்கு முழங்காலை ஏசினார். விடிய வந்து பார்த்தால் எட்டுக் கன்று காணவில்லை.

அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டார். நான் பல்துலக்கிவிட்டு வருகிறேன், என் மெத்தை வாசல்வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

"அங்கிள்! அது நான் படுக்கிறது!"

"அளந்தது இதிலதானே? சுடுறதும் இதிலதான். தூக்கடா மற்றப் பக்கத்தை!"

எனக்கு வந்த கோபம் இப்போதும் ஆறவில்லை. மிளகாய்த் தோட்டத்தின் நடுவில், சேற்றில், என்னுடைய நீலப் பூ மெத்தை. அதன் மேல் முழு பூட்ஸோடு அவர். எதிரே கன்றுகள், பின்னால் மண்மேடு. பழிக்குப் பழி, நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சொல்லி ஒரு டிரம்முக்குப் பின்னால் ஒளிந்து போனில் ரெக்கோர்ட் போட்டேன். வீட்டுப் பொடியங்களுக்குப் போட்டுக் காட்டிச் சிரிக்க வேண்டும்.

முயல் வந்தது. கொழுத்த முயல், மண்மேட்டுக்கு முன்னால் வந்து குந்தியது. அங்கிள் கன்னத்தைத் துவக்கில் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, குழல் அசையவில்லை. கல் மாதிரி நின்றது. அவர் தலையைத் தூக்கி அதையே ஒரு நிமிடம் பார்த்தார். மூன்று ஸ்டார் கால், வேலையைச் செய்தது.

ஆனால் விசையை இழுக்க விரல் வேண்டுமே. அது அவருடைய சொந்த விரல். அதற்குக் கால் செய்து விற்கிறவன் சைனாவிலும் இல்லை.

வெடித்தது. முயலுக்கு ஒரு முழம் தள்ளி மண் பறந்தது. முயல் ஓடியது. அங்கிள் தொடங்கினார்.

"உனக்கு மிளகாய்க் கண்டு கேக்குதோ, மூதேவி! காயே வரேல்லை, இலையைத் தின்னுறாய், உறைப்புத் தெரியாத பரதேசி! உன்ர பரம்பரையில ஒருத்தனாவது ஒரு கண்டு நட்டவனோ? வாடா! ஆம்பிளை எண்டால் வாடா இஞ்ச!"

பத்து நிமிடம். மூச்சு முட்டியது. அப்படியே மெத்தையில் முகம் புதைத்துக் கிடந்தார். பிறகு, நான் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறேன் என்று நினைத்து, தன் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். அது நடுங்கியது. அதோடு கதைத்தார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கொஞ்ச நேரம் சும்மா இரடா ராசா. கொஞ்ச நேரம். ஏன் என்னோட கோவம்?"

நான் டிரம்முக்குப் பின்னாலேயே இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போகும்போது ஒரே வசனம்தான் சொன்னார். "விட்டிடு. தின்னட்டும்." அதோடு தோட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஆனால் நான் ஒன்று கவனித்திருந்தேன். வெடிச் சத்தத்துக்கு ஓடுகிற முயல் கால் மணித்தியாலத்தில் திரும்பி வருகிறது. முன்பு அங்கிள் சுட்டுத் தவறியபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அங்கிளின் ஏச்சையும் கேட்ட முயல் இருட்டும்வரை எட்டிப் பார்க்கவில்லை. பிரபுவிடம் ஒரு பழைய ஸ்பீக்கர் வாங்கினேன். போனில் இருந்ததை அதில் ஏற்றித் தந்தான். வெட்டி ஒட்டத் தெரியாது எனக்கு, முழுவதையும் அப்படியே, முடிய முடியத் திரும்பப் பாடுகிற மாதிரிப் போட்டுக் கன்றுகளுக்கு நடுவில் ஒரு கூடைக்குக் கீழே வைத்தேன். தினமும் விடியவும் சாயங்காலமும் நாற்பது நிமிடம் சைக்கிள் மிதித்துப் போய், போட்டு எடுத்தேன். வேலை செய்ய அனுமதி இல்லாதவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. அங்கிளுக்குச் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்து பாஸ் போன் எடுத்தார், வரச்சொல்லி. அங்கிள் தூக்குக்குப் போகிறவர் மாதிரிச் சட்டை போட்டார். வானை நிறுத்திக் கேற்றடிக்கு நடந்தோம். உள்ளே இருந்து குரல் வந்தது, விடியப் போட்டதை எடுக்க நான் மறந்திருந்தேன்.

"உன்ர பரம்பரையில ஒருத்தனாவது ஒரு கண்டு நட்டவனோ?"

அங்கிள் அப்படியே நின்றார். "ஆரடா அது, என்ர தோட்டத்துக்குள்ள நிண்டு கத்துறது?"

"நல்ல குரல் வளம் அங்கிள். ஆரோ பெரிய இடத்து ஆள்."

பாஸ் கன்றுகளுக்கு நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார். எட்டைத் தவிர அத்தனையும் நின்றன. தண்டு தடித்து, கொழுந்து வைத்து. பாஸ் சிரித்தபடி கூடையைக் காட்டி, இது உங்கள் ஊர்ப் பிரார்த்தனையா என்று கேட்டார். ஆமாம், காலையும் மாலையும் சொல்ல வேண்டியது என்றேன். நிலம் அடுத்த வருடத்துக்கும் உனக்குத்தான் என்று அங்கிளின் தோளில் தட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள் ஏச்சு முடிந்தது. மூச்சு வாங்கியது. பிறகு அந்தச் சின்னக் குரல். கொஞ்ச நேரம் சும்மா இரடா ராசா.

பாஸுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது என்று அங்கிளுக்கும் விளங்கியது.

வீடுவரை ஒரு விசில் இல்லை. மூன்று விசிலுக்கும் நின்று பழகியவன் நான். அன்றைக்கு முதல் விசிலுக்காகக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன். பகிடிக்குப் பிடித்த ரெக்கோர்டைத் தோட்டத்தில் போட்டு அவரையே கேட்க வைத்தேனே என்று என் மேலேயே எனக்கு வந்த கோபம், மெத்தைக் கோபத்தைவிடப் பெரிது. வாசலில் செருப்பைக் கழற்றியபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"நாளைக்கும் போடு. ஆனால் அந்தக் கடைசித் துண்டை வெட்டிப்போட்டுப் போடு. முயலுகள் கேட்டால் மதியாது."

"ஓம் அங்கிள்."

"பேந்து, உந்த மெத்தையைக் கழுவிக் காயவை. சேத்து நாத்தம் நாறுது."

"அது நீங்கள்..."

முதல் விசில். அப்பாடா!

மூன்றாவது கிழமை முயல்களுக்கு ஏச்சுப் பழகிவிட்டது. ஒன்று கூடைக்கு மேலேயே ஏறி இருந்து கேட்டது. ஆனால் அதற்குள் தண்டு முற்றிவிட்டது, கடிக்க ஏலாது. அந்தக் கோடை வெரிபீத் தமிழர் அழுத அழுகையெல்லாம் அங்கிளின் மிளகாய்க்குத்தான்.

அடுத்த குளிருக்குக் கை நடுக்கம் இன்னும் கூடிவிட்டது. தமக்கை வந்து சிட்னிக்கு, கெல்லிவில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகுமுன் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தார். காலை எனக்குத் தந்தார். "மூண்டு நட்சத்திரச் சாமான், கவனமா வச்சிரு" என்றார். இப்போது அது எங்கள் டிவி அன்ரெனாவைத் தாங்குகிறது. உயரம் சரியாக இருக்கிறது.

அவர் சொன்னபடி பிரபுவைப் பிடித்து ரெக்கோர்டின் கடைசித் துண்டை வெட்டினேன். எறியவில்லை. எங்கள் ஒருவரையும் அவர் ராசா என்று கூப்பிட்டதே கிடையாது, அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது.

இமிகிரேஷன் கடிதம் இப்போதும் வருகிறது. ஏசி வாசிக்க வீட்டில் ஆள் இல்லை. உறையைக் கிழிக்கப் போனால் என் கை நடுங்குகிறது. அப்போது அந்தத் துண்டைப் போடுவேன். அவருடைய கை அவர் சொல்லிக் கேட்கவில்லை. என்னுடையது கேட்கிறது.